அவலோகிதர் வீட்டுக்கு வந்தால்

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளை விடுமுறைக்குப் போடிநாயக்கனூர் வருகிறார். பெட்டியில் துணிகளுக்கு நடுவே பத்திரமாகச் சுற்றிய பீங்கான் சிலை ஒன்று. வெள்ளை ஆடை, தலையில் முக்காடு, கையில் சிறு குடுவை, காலடியில் தாமரை. "இது எந்த அம்மன்ப்பா? நம்ம சாமி ரூம்ல வைக்கலாமா?" என்று அம்மா கேட்கிறார். இரண்டு கேள்விக்கும் பதில் உண்டு.

யார் இவர்?

சீனர்கள் இவரைக் குவான் யின் என்பார்கள். சிங்கப்பூரில் குவான் இம். உலகத்தின் குரலைக் கேட்பவர் என்று பொருள். இவரது பழைய பெயர் அவலோகிதேசுவரர். மற்ற உயிர்கள் துன்பத்தில் கிடக்கும்போது தான் மட்டும் கரையேற மாட்டேன் என்று நின்ற போதிசத்துவர் இவர். இந்தியாவிலும் இலங்கையிலும் ஆண் வடிவம்தான். சீனத்திலும் முதலில் அப்படியே இருந்தது. இங்கே சோழர் ஆண்ட நூற்றாண்டுகளை ஒட்டித்தான் அங்கே பெண் வடிவம் பரவியது. ஆக, அம்மா 'அம்மன்' என்று கேட்டதில் தவறில்லை.

அடையாளம் எளிது. பழைய சிலைகளில் கிரீடத்தின் நடுவே தியானத்தில் அமர்ந்த சின்னஞ்சிறு புத்தர் இருப்பார். கையில் தாமரை இருக்கும். தொந்தியும் சிரிப்புமாகக் கடைகளில் விற்கும் 'லாஃபிங் புத்தா' வேறு. அவர் 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு சீனத் துறவி.

நமக்கு என்ன உறவு?

பௌத்த நூல்கள் அவலோகிதர் வாழும் மலையைப் பொதலகம் என்கின்றன. 7ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த யுவான் சுவாங், அந்த மலை தென்கோடியில், மலயமலைக்குப் பக்கத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டு எழுதினார். அது நம் பொதிகைதான் என்பது ஜப்பானிய அறிஞர் ஷூ ஹிகோசாகா போன்றவர்களின் கருத்து. திபெத்தின் லாசாவில் உள்ள பொதாலா அரண்மனையும், சீனத்தின் புத்துவோ மலையும் அந்தப் பெயரைத் தாங்கியவை. போடிமெட்டிலிருந்து தெற்கே நீளும் ஏலமலைத் தொடரோடு தொடர்ந்து போனால் வருவதுதான் பொதிகை.

வீரராசேந்திர சோழன் காலத்தில் புத்தமித்திரர் எழுதிய இலக்கண நூல் வீரசோழியம். அகத்தியர் தமிழைக் கற்றது அவலோகிதரிடம் என்கிறது அதன் பாயிரம். நாகப்பட்டினத்தில் 1856 முதல் கிடைத்த ஏறத்தாழ 350 பௌத்தச் செப்புத் திருமேனிகளில் இவரும் உண்டு. பல இன்று சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன. கண்டியில் இவருக்கு நாத தெய்யோ என்று பெயர். அங்கே பெரஹரா திருவிழாவில் ஊர்வலம் வரும் நான்கு தேவாலயங்களில் ஒன்று நாதருடையது, இன்னொன்று பத்தினியுடையது. அந்தப் பத்தினி வேறு யாருமில்லை. சித்திரா பௌர்ணமிக்கு நம் கூடலூர் மலை மேல் மங்கலதேவியில் கும்பிடுகிறோமே, அந்தக் கண்ணகிதான்.

சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் குவான் இம் கோயிலும் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. குவான் இம்மைக் கும்பிட்ட சீனர்கள் அப்படியே வந்து கிருஷ்ணனுக்கும் ஊதுபத்தி ஏற்றுவது அங்கே அன்றாடக் காட்சி. சாமி ரூமில் வைக்கலாமா என்ற கேள்விக்கு இதுவே போதுமான பதில்.

எங்கே வைப்பது?

தரையில் வேண்டாம். உட்கார்ந்து பார்த்தால் நம் தலைக்கு மேலே இருக்கும் உயரத்தில் சுத்தமான ஒரு தட்டு போதும். புத்தர் சிலையும் இருந்தால் அவருக்கு ஒரு படி கீழே இவரை வைப்பது வழக்கம். கழிப்பறைக்கு எதிரிலோ, செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலோ வேண்டாம். இவருக்குப் படைப்பது சைவம் மட்டுமே. வீட்டில் முன்னோருக்குக் கறிச்சோறு படைக்கும் பழக்கம் இருந்தால் இவருக்குத் தனித் தட்டு ஒதுக்கிவிடுங்கள்.

எப்படி வரவேற்பது?

நம் சிலைகளுக்குக் கண் திறப்பது போலச் சீனர்களிடமும் ஒரு சடங்கு உண்டு. திபெத்தியர்கள் சிலையின் உட்கூட்டில் மந்திரச் சுருள்களும் வாசனைப் பொருள்களும் நிரப்பி அடியை மூடுவார்கள். அந்த அடித்தகட்டைத் திறந்து பார்க்காதீர்கள். வாசனைப் பொருள் என்றால் நம் ஏலக்காயும் உண்டு: திபெத்திய மருத்துவம் 'ஆறு நல்ல மருந்துகள்' என்று போற்றுபவற்றில் அதுவும் ஒன்று. காய்ப்பு தொடங்கியதும் முதலில் எடுத்த காயில் நாலைந்தை அவர் முன் வைத்தால் பொருத்தமாகவே இருக்கும்.

சடங்கு செய்ய ஆள் கிடைக்காவிட்டால் பூ, பழம், விளக்கு, தண்ணீர் போதும். திபெத்திய வீடுகளில் காலையில் ஏழு கிண்ணங்களில் தண்ணீர் வைப்பார்கள். மாலையில் அதைச் செடிக்கு ஊற்றிவிட்டுக் கிண்ணங்களைக் கவிழ்த்து வைப்பார்கள். ஒரே கிண்ணம் வைத்தாலும் குறையில்லை. தெரிந்தால் 'ஓம் மணி பத்மே ஹூம்' என்ற மந்திரத்தைச் சொல்லலாம். சீன நாட்காட்டியில் 2, 6, 9ஆம் மாதங்களின் 19ஆம் நாள் இவருக்கு உரியது. அன்று பலர் சைவம் மட்டுமே சாப்பிடுவார்கள்.

பராமரிப்பும் வாங்குவதும்

மழைக்காலத்தில் மலைச்சரிவு வீடுகளில் மரச்சிலை பூஞ்சை பிடிக்கும். சுவரை ஒட்டாமல் காற்றுப் பட வையுங்கள். பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்கலாம். பொன்முலாம் பூசியதையும் வண்ணம் தீட்டியதையும் உலர்ந்த மெல்லிய துணியால் மட்டும் துடையுங்கள்.

புதுச்சிலை வேண்டுமென்றால் சுவாமிமலை ஸ்தபதிகளிடம் சொல்லி வார்க்கலாம். பழஞ்சிலை என்று யாராவது கொண்டுவந்தால் எச்சரிக்கை: 100 ஆண்டு கடந்த சிலைகள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்கு உட்பட்டவை. உரிமம் இல்லாதவர் அவற்றை விற்கக் கூடாது. வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும்.

வந்தபின் என்ன?

இவரை வைத்தால் பணம் கொட்டும் என்று கடைக்காரர் சொல்லலாம். பௌத்தர்கள் இவரை வைப்பது அதற்காக இல்லை. கருணையை நினைத்துக்கொள்ளத்தான் அவர்களுக்குச் சிலை. விடியுமுன் ஜீப் பிடித்துத் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவருக்குப் பெரிய பூஜைக்கு நேரம் இருக்காது. கிளம்பும்போது ஒரு கிண்ணம் தண்ணீர் வையுங்கள். திரும்பி வந்து அதைச் செடிக்கு ஊற்றும்போது, வீட்டில் யாராவது எதையாவது சொல்ல வந்தால், குறுக்கே பேசாமல் முழுதாகக் கேளுங்கள். கேட்பவர் என்பதுதானே அவர் பெயர்.