காஞ்ஜியில் ஈஸ்ட் வாடை

டில்லியில் குடியேறிய நம்மவர் ‘காஞ்ஜி’ என்றதும் சோற்றுக் கஞ்சியை நினைப்பதுண்டு. அதுவோ கருங்காரட்டுத் துண்டுகளைக் கடுகுப்பொடியும் உப்பும் கலந்த நீரில் இட்டு, சில நாள் வெயிலில் புளிக்கவைக்கும் குளிர்காலப் பானம். அதற்குப் புளிப்பைத் தருவன லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள். ஈஸ்ட் மிகுந்தாலோ, புளித்த ரொட்டிமாவின் வாடை எழுகிறது. காற்றுப்படும் மேற்பரப்பில் சிலவகை ஈஸ்ட் பாலேடு போல் வெண்மையாகப் படரும். எங்கள் வீட்டில் முதன்முறை அதைப் பூஞ்சையென்றஞ்சி ஜாடி முழுவதையும் கொட்டிவிட்டோம், வீண்!

துண்டுகள் நீருள் அமிழ்ந்தே இருத்தல் வேண்டும். உப்பைக் குறைத்தல் ஆகாது. புளிப்பேறியதும் ஏட்டை அகற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால், எஞ்சிய ஈஸ்டில் பெரும்பகுதி அடியில் தங்கும். கலக்காமல் தெளிவை இறுத்துப் பருகலாம். பஞ்சு போன்ற பச்சைப் பூஞ்சையோ கரும்பூஞ்சையோ கண்டால், தயங்காது கொட்டிவிடல் வேண்டும்.