படித்தவர் சொல்லும் சொல்

ஒரு நூலைப் படித்து முடித்தவரிடம் அதைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் நமக்குக் கிடைக்கும் விடை "நன்றாக இருக்கிறது" என்பது. அல்லது "சுமார்தான்" என்பது. இவ்விரண்டு விடைகளாலும் நூலைப் பற்றி நாம் அறிவது ஒன்றுமில்லை. சிற்றுண்டிச் சாலையில் தோசையைப் பற்றிக் கூற இச்சொற்கள் போதும். முந்நூறு பக்கங்களோடு நான்கைந்து இரவுகளைக் கழித்த ஒருவர் அதைவிடச் சற்று மிகுதியாகச் சொல்லக் கடமைப்பட்டவர் என்று நான் கருதுகிறேன்.

இக்கடமை தமிழ் நாட்டிற்கு வெளியே வாழும் நம் போன்றோருக்கு இன்னும் ஒரு படி அதிகம். சென்னையிலோ மதுரையிலோ ஒரு புதிய நூலைக் கடையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து, பிடிக்காவிட்டால் வைத்துவிட்டு வரலாம். ஹைதராபாத்தில் நமக்கு அவ்வசதி மிகக் குறைவு. ஞாயிற்றுக்கிழமைகளில் அபிட்ஸ் நடைபாதையில் பரப்பி வைக்கப்படும் பழைய புத்தகங்களிடையே எப்போதாவது ஒரு தமிழ் நூல் தலை காட்டும். அதன் முதற்பக்கத்தில் யாரோ ஒருவர் யாரோ ஒருவருக்குத் திருமணப் பரிசாக எழுதிய வரியும் இருக்கும். மற்றபடி அஞ்சலில் வரவழைக்க வேண்டும். கண்ணால் காணாத நூலைப் பணம் அனுப்பி வரவழைப்பவருக்கு, முன்னரே படித்த ஒருவரின் சொல்லைத் தவிர வேறு துணை எது?

வாசகரின் அபிப்பிராயம் தமிழுக்குப் புதிதன்று. நூல்கள் அவையில் அரங்கேறிய நாட்களில் ஆசிரியரின் எதிரிலேயே அது வெளிப்பட்டது. இந்நகரத்தின் உருது முஷாயிராவுக்குச் சென்றிருக்கும் நேயர்கள் இன்றும் அதைக் காணலாம். கவிஞர் ஓரடியைச் சொல்லி முடிக்கு முன்பே "வாஹ் வாஹ்" என்ற ஒலி எழும். உள்ளத்தைத் தொட்டுவிட்டாலோ "முகர்ரர்" என்பார்கள், மீண்டும் சொல்க என்று பொருள். நம் பழைய நாடகக் கொட்டகைகளில் "ஒன்ஸ்மோர்" கேட்டவர்களும் இவ்வினத்தவரே. அச்சு வந்த பின்னர் எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் இடையே தூரம் ஏற்பட்டது. அபிப்பிராயம் தனி அறையில் பிறந்து, கடிதமாகவும் கட்டுரையாகவும் நடக்கத் தொடங்கியது.

இவ்வகையில் நம்மவர்களுள் மூவரை இங்கே நினைவு கூர்தல் தகும். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் வீட்டு முற்றத்தில் வட்டமான தொட்டிக்கட்டு ஒன்று இருந்தது. 1920-களில் அங்கே ஞாயிறுதோறும் அன்பர்கள் கூடி இலக்கியம் பேசினர். வட்டத்தொட்டி என்று அக்கூட்டத்திற்கே பெயர் அமைந்துவிட்டது. ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சுவைப்பதே அவருடைய விமரிசனம். அதன் பயனாகக் கம்பனிடம் வந்தவர்கள் பலர். ஆயினும், தம் ரசனைக்கு ஒவ்வாத பாடல்களைக் கம்பர் பாடியிருக்க மாட்டார் என்று ஒதுக்கி ஒரு பதிப்பையும் அவர் வெளியிட்டார். ரசிகர் எவ்வளவு உயர்ந்தவராயினும் கத்தரிக்கோலைக் கையில் எடுப்பது எனக்கு உடன்பாடன்று.

அடுத்தவர் க. நா. சுப்ரமண்யம். 1950-களில் அவர் எழுதிய "படித்திருக்கிறீர்களா?" என்னும் கட்டுரைகள், பலவகைப்பட்ட தமிழ் நூல்களை எடுத்துக்கொண்டு, ஒரு நண்பர் மற்றொரு நண்பரிடம் பேசும் தோரணையில் கூறியவை. தலைப்பே ஒரு கேள்வி. அதில் சிறிது அதட்டலும் உண்டு. பல ஆண்டுகள் டில்லியில் வாழ்ந்த அவர் நம்மைப் போல் ஒரு வெளிமாநிலத் தமிழரும் ஆவார். நல்லது இது, அல்லது அது என்று பட்டியலிடுகிறாரேயன்றிக் காரணம் சொல்வதில்லை என்று அவர்மீது குறை கூறினர். 1959 ஜனவரியில் "எழுத்து" பத்திரிகையைத் தொடங்கிய சி. சு. செல்லப்பாவோ, ஒரு கதையை வரிவரியாகப் பிரித்து, எது எப்படி வேலை செய்கிறது என்று அலசிக் காட்டினாலொழிய அது விமரிசனமாகாது என்ற கட்சியினர். இவ்வழக்கு இன்னும் தீரவில்லை. புதிதாக ஒரு நூலைத் தேடுபவருக்கு க. நா. சு. பயன்படுகிறார், படித்துவிட்டு ஏன் இப்படிக் கலங்கினோம் என்று யோசிப்பவருக்குச் செல்லப்பா பயன்படுகிறார் என்பது என் அனுபவம்.

இனி, வாசகர் கருத்து ஒரு நூலையே பிறப்பித்த வரலாறு ஒன்று உண்டு. 1966-ஆம் ஆண்டு ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் "அக்கினிப் பிரவேசம்" என்னும் சிறுகதை வெளியாயிற்று. மழையில் நின்ற கல்லூரிப் பெண் ஒருத்தி, முன்பின் அறியாத ஒருவன் அழைக்க, அவன் காரில் ஏறுகிறாள். கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். தாய் முதலில் பதறினாலும், பின்னர் மகளின் தலையில் நீரை ஊற்றி, நீ தூய்மையானவள் என்று தேற்றுகிறாள். கதை வந்தவுடன் வாசகரிடையே பெரும் புயல் எழுந்தது. இப்படி ஒரு தாய் இருப்பாளா என்று சினந்தவர்களும், இப்படித்தான் ஒரு தாய் இருக்க வேண்டும் என்று கண்ணீர் விட்டவர்களும் எதிரெதிரே நின்றனர்.

வேறோர் ஆசிரியராயிருந்தால் பதில் கடிதம் எழுதியிருப்பார், அல்லது மௌனம் சாதித்திருப்பார். ஜெயகாந்தன் ஒரு நாவலையே எழுதினார். அத்தாய் அவ்வாறு தேற்றாமல், ஊர் அறியக் கூச்சலிட்டிருந்தால் அப்பெண்ணின் வாழ்வு என்னவாகியிருக்கும்? இக்கேள்வியே 1970-இல் நூலாக வந்த "சில நேரங்களில் சில மனிதர்கள்". இதில் நான் மிகவும் வியக்கும் இடம் ஒன்றுண்டு. கதாநாயகி கங்கா, தன் வாழ்க்கையைப் போலவே தொடங்கி வேறு விதமாக முடியும் சிறுகதை ஒன்றைப் பத்திரிகையில் படிக்கிறாள். அதாவது, கதைக்குள்ளேயே ஒரு வாசகியை அமர்த்தி அவளுடைய அபிப்பிராயத்தை ஆசிரியர் கேட்கிறார்! அந்நாவல் 1972-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்றது. வாசகர் எல்லோரும் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லி ஓய்ந்திருந்தால் தமிழுக்கு இந்நூல் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் நம் காலத்தில் நடந்தது. பெருமாள்முருகனின் "மாதொருபாகன்" 2010-இல் வெளிவந்த நாவல். பிள்ளைப் பேறில்லாத காளி, பொன்னா என்னும் குடியானவத் தம்பதியரின் துயரம் அதன் பொருள். நான்கு ஆண்டுகள் அமைதியாகப் படிக்கப்பட்ட பின்னர், 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்புக் கிளம்பியது, பிரதிகள் கொளுத்தப்பட்டன. எதிர்த்தவர் பலர் கையில் இருந்தவை சில பக்கங்களின் படிகளே. 2015 ஜனவரியில் தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று ஆசிரியர் அறிவிக்க நேர்ந்தது. 2016 ஜூலை 5-ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, படிப்பதும் படிக்காமல் விடுவதும் வாசகரின் விருப்பம், பிடிக்காத நூலை ஒதுக்கி எறிந்துவிடலாம் என்று தெளிவுபடுத்தியது. அந்நாவலை முழுதும் படித்து, அதன் முடிவு தமக்குப் பிடிக்கவில்லை என்று என்னிடம் கூறியவர்கள் உளர். அது அபிப்பிராயம். படிக்காதவர் கூறியது வேறு ஏதோ ஒன்று. அதற்கு இப்பெயரைக் கொடுக்கலாகாது.

நிற்க. நம் ஊருக்கு வருவோம். எங்கள் குடியிருப்பில் மாதம் ஒரு முறை ஏழெட்டுக் குடும்பத்தினர் ஒரு வீட்டில் கூடி, படித்த நூலைப் பற்றிப் பேசுவது வழக்கம். அண்மையில் எடுத்துக்கொண்டது அசோகமித்திரனின் "18வது அட்சக்கோடு". அசோகமித்திரன் 1931-இல் சிகந்தராபாத்தில் பிறந்தவர். தந்தையார் நிஜாம் ரயில்வேயில் பணியாற்றியவர். தந்தையின் மறைவுக்குப் பின் 1952-இல் சென்னைக்குக் குடிபெயர்ந்த அவர், 2017-இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தாலும், லான்சர் பாரக்ஸ் தெருக்களை எழுதி ஓயவில்லை. இந்நாவல் 1977-இல் வந்தது. சந்திரசேகரன் என்னும் நிஜாம் கல்லூரி மாணவன். அவனுக்குக் கிரிக்கெட் பைத்தியம். சுற்றிலும் சமஸ்தானம் இந்தியாவோடு சேருமா சேராதா என்ற கொந்தளிப்பு. 1948 செப்டம்பரில் இந்தியப் படை நுழைந்து, 13-ஆம் நாள் தொடங்கி 17-ஆம் நாள் நிஜாம் பணிந்ததோடு அக்கொந்தளிப்பு ஒரு முடிவுக்கு வருகிறது, வேறொன்று தொடங்குகிறது.

அன்று கூடியவர்கள் கூறியவற்றை அப்படியே தருகிறேன். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், கதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு தெருவும் எங்கே திரும்புகிறது என்று விரலால் மேசைமீது வரைந்து காட்டி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் வழங்கினார். தலைப்பு மட்டும் அவருக்குச் சம்மதமில்லை. இந்நகரம் பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் அன்றோ இருக்கிறது என்றார். தஞ்சை மாவட்டத்திலிருந்து மணமாகி வந்த அம்மையார், "கதை எங்கே? பையன் சைக்கிளில் போகிறான், வருகிறான், அவ்வளவுதானே!" என்றார். அவர் பொன்னியின் செல்வனை நான்கு முறை படித்தவர். அவருடைய அளவுகோல் அது. அதில் தவறென்ன? ஆனால் அவரே சற்று நேரம் கழித்து, "அந்த வீட்டில் சாப்பாட்டுக்குக் கஷ்டம் என்று எங்கும் எழுதவில்லை, ஆனால் படிக்கும்போது தெரிகிறது" என்றார். அசோகமித்திரனைப் பற்றி நான் படித்த நீண்ட கட்டுரைகள் சிலவற்றில் இவ்வளவு தெளிவைக் கண்டதில்லை.

அலுவலகக் கோப்புகளை மொழிபெயர்ப்பது என் தொழில். அங்கே ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் இருக்கலாம்; இரண்டு இருந்தால் வழக்கு வரும். ஒரே பக்கத்தை எட்டுப் பேர் எட்டு விதமாகப் படித்துவிட்டு வந்து அமர்வதைக் காண்கையில் எனக்கு உண்டாகும் மகிழ்ச்சிக்கு அதுவே காரணம் போலும்.

அன்றைய பேச்சைத் திசை திருப்பியவள் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி. இங்கேயே பிறந்தவள்; வீட்டில் நல்ல தமிழ் பேசுவாள்; படிக்கத் தெரியாது. கோமதி நாராயணனின் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு வந்திருந்தாள். நாவலின் இறுதியில், கலவரத்தினிடையே ஓடும் சந்திரசேகரன் ஏழை முஸ்லிம் குடும்பம் ஒன்றின் வீட்டிற்குள் தாவி விழுகிறான். அவனைக் கொல்ல வந்தவன் என்று எண்ணி, குடும்பத்தைக் காப்பதற்காக ஓர் இளம்பெண் தன் ஆடையைக் களைந்து அவன் முன் நிற்கிறாள். அவன் கூசி ஓடிப்போகிறான். "அவன் ஓடிவிட்டான், அந்தப் பெண் என்ன ஆனாள்?" என்று இவள் கேட்டாள். அதுவரை நாங்கள் அனைவரும் சந்திரசேகரனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

பெரியவர் நெடுநேரம் மௌனமாயிருந்தார். பின்னர், அந்நாட்களில் தாம் சிறுவனாகக் கண்டவற்றைக் கூறலானார். அவற்றை அவர் தம் வீட்டாரிடமும் சொன்னதில்லையாம். இரவு பத்து மணி வரை ஒருவரும் எழவில்லை.

இங்கே ஒன்று கவனிக்கத் தக்கது. சுல்தான் பஜாரில் உள்ள ஸ்ரீ கிருஷ்ணதேவராய ஆந்திர பாஷா நிலையம் 1901-இல் தொடங்கப்பட்டது. உருது ஆட்சி மொழியாக இருந்த நகரத்தில், சொந்த மண்ணிலேயே தம் மொழி நூல்களைப் படிக்க ஓரிடம் வேண்டும் என்று தெலுங்கர் கண்ட நிலையம் அது. நாமோ வந்து குடியேறியவர்கள். நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து வாய்க்காமல் போவது இயல்பே. எழுத்து வரவில்லை என்பதற்காக அவர்களைப் புத்தகப் பேச்சிலிருந்து விலக்கி வைப்பது சரியன்று. உரக்கப் படித்துக் காட்டலாம். மொழிபெயர்ப்பைக் கையில் கொடுக்கலாம். அப்பெண்ணின் கேள்வி எந்த மொழியில் படித்ததனால் வந்தது என்று அன்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த கூட்டத்திற்கு க. நா. சு.வின் "பொய்த்தேவு" என்று முடிவாகியிருக்கிறது. 1946-இல் வந்த நாவல். எங்களுக்குக் கிடைத்திருப்பது ஒரே பிரதி. ஏழு வீடுகளுக்கு வீட்டுக்கு நான்கு நாள் என்று கணக்கிட்டு, முறைப்பட்டியல் ஒன்றைப் பெரியவர் எழுதி அட்டையின் உட்புறம் ஒட்டியுள்ளார். முதல் நான்கு நாட்கள் தஞ்சை அம்மையாருடையவை.