லெசோத்தோ மேட்டுநில நீர்த் திட்டம்

லெசோத்தோ மேட்டுநில நீர்த் திட்டம் என்பது லெசோத்தோவின் மலையாறுகளில் அணை கட்டி, அந்நீரைச் சுரங்கப்பாதைகள் வழியாகத் தென்னாப்பிரிக்காவின் கௌடெங் மாகாணத்துக்கு அனுப்பும் திட்டமாகும். லெசோத்தோ கடற்கரை இல்லாத நாடு. நான்கு புறமும் தென்னாப்பிரிக்காவே சூழ்ந்துள்ளது. 1986 சனவரியில் அண்டை நாட்டின் எல்லை முற்றுகையால் திணறிக்கொண்டிருந்தபோது அங்கு இராணுவப் புரட்சி நடந்தது. அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று இத்திட்டத்துக்கான உடன்படிக்கை கையெழுத்தானது. பேரம் பேச ஏற்ற நிலையில் லெசோத்தோ அப்போது இல்லை.

இருந்தும் உடன்படிக்கையின் கணக்கு அந்நாட்டுக்குப் பாதகமாக அமையவில்லை. லெசோத்தோவின் சென்கு ஆறுதான் எல்லை தாண்டியதும் ஆரஞ்சு ஆறு எனப்படுகிறது. அணை கட்டாவிட்டாலும் அந்த நீர் தென்னாப்பிரிக்காவுக்குத்தான் போகும். அப்படியானால் எதற்கு விலை? உயரத்துக்கு. கீழே சமவெளியில் ஆரஞ்சு ஆற்றிலிருந்து நீரெடுத்தால், அதை வால் ஆற்றுப் படுகைக்கு மின்சாரம் செலவழித்து ஏற்ற வேண்டும். மலையிலேயே தேக்கினால் நீர் தானே இறங்கி வரும். இவ்விரு வழிகளின் செலவுக்கு இடையிலான வேறுபாட்டில் 56 விழுக்காடு லெசோத்தோவுக்கு உரிமத்தொகையாகச் சேரும். 44 விழுக்காடு தென்னாப்பிரிக்காவின் பங்கு. நீரைக் கொண்டுசெல்லும் கட்டுமானச் செலவும் தென்னாப்பிரிக்காவுடையதே. மின்னுற்பத்திப் பகுதியின் செலவை மட்டும் லெசோத்தோ ஏற்றது.

முதற்கட்டத்தில் 185 மீட்டர் உயரமுள்ள கட்சே அணையும் மொகாலே அணையும் கட்டப்பட்டன. 1998-இல் நீர் செல்லத் தொடங்கியது. வழியிலுள்ள முவேலா நிலையம் 72 மெகாவாட் மின்சாரம் தருகிறது. அதற்கு முன் லெசோத்தோ ஏறத்தாழ முழுவதும் தென்னாப்பிரிக்க மின்சாரத்தையே நம்பியிருந்தது. மலைப்பகுதிகளுக்குச் சாலைகளும் வந்தன.

இழப்பும் உண்டு. விளைநிலமும் மேய்ச்சல் நிலமும் நீரில் மூழ்கின. இழப்பீடு போதாது என்ற மனக்குறை மலைக் கிராமங்களில் நீடிக்கிறது. 1998 செப்டம்பரில் லெசோத்தோவில் அரசியல் குழப்பம் மூண்டபோது உள்ளே வந்த தென்னாப்பிரிக்கப் படை கட்சே அணையையும் கைப்பற்றியது. அங்கு லெசோத்தோ வீரர்கள் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பக்கத்து நாட்டின் குடிநீர் ஒருவருடைய மண்ணில் இருப்பது வருமானம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

ஊழலும் நடந்தது. திட்ட ஆணையத்தின் முதல் தலைமை நிருவாகி மசுபா சோலே கையூட்டு வழக்கில் 2002-இல் தண்டிக்கப்பட்டார். பணம் கொடுத்த பன்னாட்டு நிறுவனங்களையும் லெசோத்தோ நீதிமன்றம் விடவில்லை. கனடாவின் ஏக்கர்சு நிறுவனமும் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. சிறிய நாடொன்று இவ்வாறு செய்தது அரிது.

இரண்டாம் கட்டத்துக்கான உடன்பாடு 2011-இல் ஏற்பட்டது. இதில் பொலிகாலி அணை கட்டப்படுகிறது. ஆண்டுக்கு 78 கோடி கனமீட்டராக உள்ள நீரளவு, இது முடிந்தபின் படிப்படியாக 127 கோடியாக உயரும்.