மூவாயிரம் ரிங்கிட்டும் ஒரு கெலா மீனும்

எங்கள் ஆவணப்படத்துக்கு வந்த முதல் விமர்சனம் ஒரு மீனின் உதட்டைப் பற்றியது.

நாங்கள் நால்வர், ஊடகத்துறை இறுதியாண்டு மாணவர்கள். நம் நாட்டு ஆறுகளின் சொந்த மீனான கெலாவை மீட்டெடுக்கும் முயற்சிகளைப் பற்றி இருபது நிமிடத் தமிழ் ஆவணப்படம் ஒன்று எடுக்க முடிவு செய்தோம். நிதி கேட்டு ஒரு சுவரொட்டி தயாரித்துப் புலனக் குழுக்களில் அனுப்பினோம். அரை மணி நேரத்தில் தூண்டில் போடும் அண்ணன் ஒருவர் பதில் எழுதினார்: "தங்கச்சி, படத்துல இருக்கிறது கெலா இல்ல, தெங்காஸ். கீழுதட்டைப் பாருங்க."

இரண்டும் பெரிய செதில்கள் கொண்டவை. தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் கெலாவின் கீழுதட்டு நடுவில் ஒரு மடல் தொங்கும், தெங்காஸுக்கு அது இல்லை. இணையத்தில் கிடைத்த முதல் படத்தை எடுத்து ஒட்டியிருந்தோம். மீனையே அடையாளம் தெரியாதவர்களை நம்பி யார் பணம் கொடுப்பார்கள்? மூன்று வாரத்தில் 340 ரிங்கிட் சேர்ந்தது. அதில் 100 என் அம்மா போட்டது.

எனக்கு இந்த மீனைத் தெரிந்ததே தாத்தாவால்தான். கோல குபு பாருவுக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர் அவர். மேலாற்றில் கை நீளத்துக்குக் கெலா பிடித்த கதையைத் தீபாவளிக்குத் தீபாவளி சொல்வார். ஆண்டுக்கு ஆண்டு மீன் கொஞ்சம் நீளும். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், அவர் சொன்ன அளவு மீன் இன்று அந்த ஆற்றில் சாதாரணமாகக் கண்ணில் படுவதில்லை.

கெலா தெளிந்த, வேகமாக ஓடும், கற்கள் நிறைந்த மேலாற்று நீரை விரும்பும் மீன். கரையோர மரங்களிலிருந்து விழும் காட்டுப் பழங்களையும் தின்னும். காட்டை வெட்டினால் அதன் நீர் கலங்கும், உணவும் குறையும். வளர்ச்சியோ மிக மெதுவானது. உணவகங்களில் கிலோ நூற்றுக்கணக்கான ரிங்கிட்டுக்கு விலை போவதால், அந்த விலையே அதற்கு எதிரியாகிவிட்டது. நஞ்சு கலந்தும் மின்சாரம் பாய்ச்சியும் மீன் பிடிப்பதை 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தடை செய்கிறது. ஆனால் நடு இரவில் காட்டாற்றங்கரையில் யார் காவல் நிற்பது?

கீழாற்றில் கதை வேறு. கிள்ளான், லங்காட் ஆறுகளில் இன்று வலை போட்டால் தென்னமெரிக்காவின் பண்டாராயா மீன் மூட்டை மூட்டையாக வரும். தொட்டியில் பாசி தின்னட்டும் என்று வாங்கி, பெரிதானதும் ஆற்றில் விட்டவர்களின் கைங்கரியம் அது. இரக்கப்பட்டுத்தான் விட்டிருப்பார்கள்.

இந்த நிலையில்தான் ஒரு நிறுவன முதலாளியைச் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தது. எங்கள் மொத்தச் செலவு 8,400 ரிங்கிட். சபாவுக்கு விமானச் சீட்டு, அங்கே வேன் வாடகை, நீருக்கடியில் எடுக்கும் கேமராவின் வாடகை, ஒலிவாங்கி, ஹார்ட் டிஸ்க் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. அவர் தாளைப் பொறுமையாகப் படித்தார். தேநீர் வரவழைத்தார். "மூவாயிரம் நான் தரேன்மா" என்றார். என் தோழி மேசைக்கடியில் என் கையைக் கிள்ளினாள்.

ஒரே ஒரு நிபந்தனை. அவருடைய நிறுவனத்தின் பெயர்ப்பலகையோடு மேலாற்றில் இரண்டாயிரம் சிவப்புத் திலாப்பியாக் குஞ்சுகளை விடுவார்கள். அந்தக் காட்சி படத்தில் வர வேண்டும்.

திலாப்பியா ஆப்பிரிக்காவின் மீன். நாட்டு மீனை மீட்கும் படத்தில் அதை ஆற்றில் விடுவதா? மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "மீன் மீன்தானேமா? உங்க கெலா வளர்றதுக்குள்ள இது ஆத்தையே நிறைச்சிடும். கஷ்டப்பட்டவன் நாலு பேரு புடிச்சுச் சாப்பிடட்டும்" என்றார். அவரைக் கெட்டவராக என்னால் எழுத முடியாது. நாலு பேருக்கு உணவாகட்டும் என்பது நியாயமான ஆசைதான். ஆறு நிறைந்துவிடும் என்பதுதான் எங்கள் பயமும்.

அன்றிரவு நால்வரும் சண்டை போட்டோம். "படம் பிடிப்போம், பணத்தை வாங்குவோம், தொகுப்பில் வெட்டிவிடுவோம்" என்றான் படத்தொகுப்பு செய்யும் நண்பன். காட்சியை வெட்டலாம், ஆற்றில் இறங்கிய குஞ்சுகளை எப்படி வெட்டுவது என்று கேட்டேன். அவன் பதில் பேசவில்லை. ஆனால் சமாதானமும் ஆகவில்லை. அவன் அப்பா வேலையிழந்திருந்த நேரம் அது. சொந்தப் பணம் 400 ரிங்கிட்டை ஏற்கெனவே படத்துக்குப் போட்டிருந்தான்.

கடைசியில் எங்களை முடிவெடுக்க வைத்தது காவிரி. கெலாவின் நெருங்கிய உறவினர் ஒருவர் அங்கே இருக்கிறார்: திமில் மாசீர் என்னும் கூன்முதுகுப் பெருமீன். ஐம்பது கிலோவுக்கு மேலும் வளரக்கூடியது. காவிரியும் அதன் கிளையாறுகளும் தவிர உலகில் வேறெங்கும் அதற்கு வீடு கிடையாது. 1970-களிலிருந்து, மாசீர் இனத்தைப் பெருக்கும் நல்ல நோக்கத்தோடு, பண்ணையில் வளர்த்த நீலத்துடுப்பு மாசீர்க் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். அதுவும் மாசீர்தான், ஆனால் வேறு ஊர் மாசீர். வந்த மீன் பெருகியது, சொந்த மீன் அருகியது. 2018-இல்தான் ஆய்வாளர்கள் திமில் மாசீரின் அறிவியல் பெயரை உறுதி செய்தார்கள். ரெமா தேவி என்ற இந்திய மீனியல் அறிஞரின் பெயரைத் தாங்கிய பெயர் அது. அதே ஆண்டு அந்த மீன் செம்பட்டியலில், அழிவின் கடைசி விளிம்பில் நிற்கும் உயிரினங்களோடு சேர்ந்தது. தமிழ்நாட்டின் மோயாற்றில் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது.

சொந்தக்கார மீனை விட்டதற்கே இந்தக் கதி என்றால் திலாப்பியாவை எப்படி விடுவது? மறுநாள் நானே தொலைபேசியில் அழைத்து, நன்றி சொல்லி, மறுத்தேன். "சின்னப் பிள்ளைங்க" என்று சிரித்துவிட்டு வைத்தார். பிறகு அழைக்கவில்லை.

மூவாயிரத்தை எப்படி ஈடு செய்வது? உண்டியலோடு தெருவில் இறங்கலாம் என்று தோழி சொன்னாள். பொது இடத்தில் நிதி திரட்ட 1947-ஆம் ஆண்டிலிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது, அனுமதி வாங்க வேண்டும். (இதைப் படிக்கும் மன்றச் செயலாளர்கள் குறித்துக்கொள்ளவும்.) அதனால் எங்களை அழைத்த இடங்களுக்கு மட்டும் போனோம். 'மீனைக் காப்போம்' என்ற பழைய வாசகத்தை எடுத்துவிட்டு, கெலா படத்தையும் தெங்காஸ் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதில் எது கெலா?" என்று கேட்டோம். அடுத்துக் காவிரிக் கதை. ஒரு மகளிர் குழுவில் பேசி முடித்தபோது, நாமக்கல்லிலிருந்து சிறு வயதில் கப்பலேறி வந்த ஒரு பாட்டி, "எங்க காவேரியில இப்படி ஒரு மீனா, எனக்கே தெரியாதே" என்று முந்தானை முடிச்சிலிருந்து 10 ரிங்கிட் எடுத்துக் கொடுத்தார். அன்று மட்டும் 615 ரிங்கிட். ஒவ்வொரு ரிங்கிட்டும் பற்றுச்சீட்டோடு கணக்கில் ஏறுகிறது. மாதாமாதம் கொடுத்தவர்களுக்கே அனுப்புகிறோம்.

சபாவுக்கு ஏன் போக வேண்டும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். அங்கே 'தகால்' என்றொரு கிராம வழக்கம் உண்டு. கடசான்டுசுன் மொழியில் 'தடை' என்று பொருள். ஊரே கூடி ஆற்றைப் பகுதி பிரிக்கும். சிவப்புப் பகுதியில் மீன் பிடிக்கவே கூடாது, மஞ்சளில் ஊர் குறிக்கும் நாளில் மட்டும், பச்சையில் எப்போதும். 2003-இல் மாநிலச் சட்டமும் அதற்குத் துணை வந்தது. ரானாவ் வட்டாரத்து மொரோலி ஆற்றில், கெலாவின் இனத்து மீன்கள் இன்று காலை வைத்தால் கூட்டமாக வந்து மொய்க்கின்றன. வாளியில் மீன் கொண்டுவந்து கொட்டியதால் வந்த கூட்டமல்ல அது. பிடிக்காமல் விட்டதால் வந்தது. ஒன்றுமே செய்யாமல் காத்திருக்கும் ஊரை எப்படிப் படம் பிடிப்பது என்று ஒளிப்பதிவாளர் இன்னும் புலம்புகிறான்.

இதுவரை 5,910 ரிங்கிட் சேர்ந்திருக்கிறது. விமானச் சீட்டு வாங்கியாயிற்று. கேமரா வாடகைக்கு இன்னும் வழி தெரியவில்லை.

போன மாதம் அனுமதி பெற்று, கோல குபு பாருவை அடுத்த சிலிங் ஆற்றில், மீன்வளத் துறையின் பாதுகாப்புப் பகுதியில் சோதனைப் படப்பிடிப்புக்குப் போனோம். எங்கள் தவற்றைச் சுட்டிக்காட்டிய தூண்டில் அண்ணன்தான் வழிகாட்டி. தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். கடன் வாங்கிய சிறு கேமராவைக் கற்களுக்கிடையே வைத்துவிட்டு மூன்று மணி நேரம் காத்திருந்தோம். கிடைத்தது பதினொரு வினாடி. வீட்டுக்கு வந்து கணினியில் படத்தை நிறுத்திப் பெரிதாக்கி, நால்வரும் முதலில் பார்த்தது கீழுதட்டைத்தான்.

மடல் இருந்தது.