உங்கள் கடையின் இணைய வாசல் திறந்திருக்கிறதா?



செஞ்சிக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிற்றூர் சிங்கவரம். குன்றைக் குடைந்தெடுத்த பழமையான அரங்கநாதர் கோயிலும், அருகே இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களைப் பாறையில் செதுக்கிய திருநாதர்குன்றும் இவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தவை. செஞ்சிக் கோட்டைக்குள்ளோ சாதத்துல்லா கான் பெயரால் வழங்கும் பள்ளிவாசல் இருக்கிறது. 2025 ஜூலையில் மராட்டியர் கால இராணுவ நிலப்பரப்புகள் என்னும் தொகுப்பில் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றுள் தமிழகத்தைச் சேர்ந்தது செஞ்சி ஒன்றே.

இவற்றைக் காண வெளியூரிலிருந்து என் நண்பர் குடும்பத்தோடு வந்திருந்தார். சிங்கவரத்தில் நின்றுகொண்டிருந்தபோது, இரவு தங்க இடம் எதுவென்று கேட்டார். என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் செஞ்சியில் சிறிய விடுதி நடத்துகிறார். அதன் இணையதள முகவரியைச் சொன்னேன். நண்பர் கைபேசியில் திறந்தார். விடுதியின் படம் வரவில்லை. இத்தளம் பாதுகாப்பானதன்று என்னும் எச்சரிக்கை வந்தது. "வேண்டாம் ஹஜ்ரத், இதில் ஏதோ கோளாறு" என்று கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். என் கண்ணெதிரே ஒரு வாடிக்கையாளர் திரும்பிப் போனார். அப்படித் திரும்பியவர் இன்னும் எத்தனை பேரோ!

மாணவரிடம் சொன்னபோது அவர் திகைத்தார். சில வாரங்களாக விசாரிப்பே இல்லை என்றும், பருவம் மந்தம் என்று எண்ணியிருந்ததாகவும் கூறினார். தளத்தை அமைத்துக் கொடுத்தவர் வளைகுடாவுக்குப் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்புகள் யாவும் அவருடைய பழைய மின்னஞ்சலுக்கே போய்க்கொண்டிருந்தன. விடுதிக்காரரோ தம் தளத்தைத் திறந்து பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

கலைப்பிரிவில் பட்டம் பெற்ற எனக்குக் கணினி நுட்பம் தெரியாது. ஆயினும் அந்த நிகழ்ச்சிக்குப் பின் கேட்டும் படித்தும் அறிந்தது இது: தளத்தைப் பழுதுபார்க்க வல்லுநர் வேண்டும், பழுது இருக்கிறதா என்று பார்க்க உரிமையாளரே போதும். அரைமணி நேரமும் ஒரு கைபேசியும் இருந்தால் ஐந்து சோதனைகளை நீங்களே செய்துவிடலாம்.

முதற் சோதனை: அந்நியராக நுழையுங்கள்

வைஃபையை அணைத்துவிட்டு, கைபேசியின் மொபைல் டேட்டாவில், மறைநிலைச் சாளரத்தில் உங்கள் தளத்தைத் திறவுங்கள். ஏன் மறைநிலை? உங்கள் கைபேசி முன்பு பார்த்த பக்கங்களைச் சேமித்து வைத்துக்கொண்டு, பழையதையே காட்டி உங்களை ஏமாற்றக்கூடும். தொலைபேசி எண்ணைத் தொட்டால் அழைப்பு போகிறதா? வரைபடம் சரியான தெருவைக் காட்டுகிறதா? விலைப்பட்டியல் சென்ற ஆண்டினுடையதா? விசாரணைப் படிவத்தை நீங்களே நிரப்பி அனுப்புங்கள். அது உங்கள் கைக்கு வந்து சேராவிட்டால், வாடிக்கையாளர் எழுதியவையும் வந்து சேர்ந்திரா.

இரண்டாம் சோதனை: பாதுகாப்புச் சான்றிதழ்

முகவரியின் இடப்பக்கக் குறியைத் தொட்டால் இணைப்பு பாதுகாப்பானதா என்று தெரியும். சான்றிதழ் என்னும் பகுதியில் அது காலாவதியாகும் நாளும் இருக்கும். சான்றிதழ் இல்லாத தளங்களை 2018 ஜூலை முதல் கூகுள் குரோம் 'பாதுகாப்பற்றது' என்றே குறிக்கிறது. காலாவதியான சான்றிதழுக்கோ முழுப்பக்க எச்சரிக்கை வரும். நண்பர் கண்டது அதுவே. 2020 பிப்ரவரி 3 அன்று மைக்ரோசாஃப்டின் டீம்ஸ் சேவையே சான்றிதழ் ஒன்றைப் புதுப்பிக்க மறந்ததால் சில மணிநேரம் முடங்கியது. லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு சான்றிதழை இலவசமாகவே தருகிறது. சான்றிதழ்களின் ஆயுள் இனிப் படிப்படியாகக் குறைந்து, 2029 மார்ச்சில் அதிகபட்சம் 47 நாள்களாகிவிடும். எனவே அது தானாகவே புதுப்பிக்கப்படும் ஏற்பாடு உண்டா என்று கேட்டுத் தெளியுங்கள்.

மூன்றாம் சோதனை: பெயர் யாருடையது?

தளத்தின் பெயரை, அதாவது டொமைனை, நாம் விலைக்கு வாங்குவதில்லை. ஆண்டுக் கட்டணத்திற்கு எடுக்கிறோம். அது உங்கள் பெயரில் இருக்கிறதா, அமைத்துக் கொடுத்தவர் பெயரிலா? அறிவிப்பு எந்த மின்னஞ்சலுக்கு வருகிறது? கட்டணம் செலுத்தத் தவறினால் கெடு கடந்தபின் வேறொருவர் அப்பெயரை எடுத்துக்கொள்ளலாம். 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் பாஸ்போர்ட் டொமைனுக்குக் கட்டணம் கட்ட மறந்தது. ஹாட்மெயில் பயன்படுத்துவோர் தவித்தனர். நிறுவனத்தைச் சேராத ஒருவர் 35 டாலரைத் தம் பணத்திலிருந்து கட்டி உதவினார். நமக்கு அப்படியொருவர் வாய்ப்பாரா?

நான்காம் சோதனை: கூகுள் உங்களை அறியுமா?

தேடற்பெட்டியில் கடையின் பெயரையும் ஊரையும் எழுதித் தேடுங்கள். உங்கள் தளம் எங்குமே தென்படவில்லையா? தளத்தைக் கட்டும்போது, அரைகுறை வேலை வெளியே தெரியாதிருக்கத் தேடுபொறிகளை உள்ளே வராதீர் என்று தடுத்து வைப்பது வழக்கம். வேலை முடிந்தபின் அத்தடையை நீக்க மறப்பதும் உண்டு. கூகுளின் இலவசச் சேவையான சர்ச் கன்சோலில் பதிவு செய்தால், எந்தப் பக்கம் ஏற்கப்பட்டது, எது விடுபட்டது, ஏன் என்பது விளங்கும்.

தமிழில் தளம் வைத்திருப்போர்க்கு மேலும் ஒன்று. பக்கத்திலுள்ள தமிழ் வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் அது யூனிகோடு. புரியாத குறிகளாக மாறினால் பழைய எழுத்துருவில் உள்ளது. தேடுபவர் கண்ணுக்கு அது தமிழாகவே தெரியாது. தமிழக அரசே 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது.

ஐந்தாம் சோதனை: வேகம்

கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்னும் பக்கத்தில் முகவரியைக் கொடுத்தால் அளவுகள் கிடைக்கும். முதன்மையான படமோ எழுத்தோ 2.5 வினாடிக்குள் தோன்றவேண்டும். தொட்டால் 200 மில்லி வினாடிக்குள் தளம் மறுவினை காட்டவேண்டும். படிக்கும்போது பக்கம் குதிக்கலாகாது, அதன் அளவு 0.1ஐத் தாண்டக்கூடாது. கைபேசியில் எடுத்த பல எம்.பி. படத்தை அப்படியே ஏற்றுவதே பெரும்பாலும் தாமதத்திற்குக் காரணம். அதைச் சுருக்கினாலே பாதி நோய் தீரும். ஆனால் நூற்றுக்கு நூறு மதிப்பெண் வேண்டுமென்று பணத்தைக் கொட்டாதீர்கள். வாடிக்கையாளர் தடையின்றி வந்து போவதே நோக்கம்.

கண்ட குறைகளைத் தேதியிட்டுக் குறிப்பேட்டில் எழுதுங்கள்; வேலை செய்பவரிடம் எழுத்து மூலமே கொடுங்கள். தளத்தின் முழு நகல் ஒன்று உங்கள் கைவசமும் இருக்கட்டும். "உங்கள் தளத்தில் ஐம்பது பிழைகள், உடனே பணம் அனுப்புக" என்று முன்பின் அறியாதவர் எழுதும் மின்னஞ்சல்களை நம்பிவிடாதீர்கள். கடவுச்சொல்லை எவருக்கும் கொடாதீர்கள். நீங்களே சோதித்தவராயின் எது மெய், எது மிரட்டல் என்பது உங்களுக்கே புலப்படும்.

என் மாணவர் சான்றிதழைப் புதுப்பித்தார். டொமைனைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டார். இப்போது மாதந்தோறும் முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்ததும், இந்த ஐந்தையும் பார்க்கிறார். நேர்மையான வியாபாரி தராசுக்கு உரிய காலத்தில் முத்திரை வைக்கிறார். காலையில் கடைவாசலைக் கூட்டுகிறார். யாரும் சொல்லியா செய்கிறார்? வாடிக்கையாளர் நம்மீது வைக்கும் நம்பிக்கை ஓர் அமானிதம். இணைய வாசலும் நம் வாசலே அன்றோ? வாசகர்களே, இதழை மூடிவைக்குமுன் கைபேசியை எடுத்து உங்கள் தளத்தை ஒருமுறை திறந்து பாருங்கள்.