பிரித்தால் மட்டும் போதுமா?

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நமது கரையோரங்களைச் சூறையாடியதைத் தொடர்ந்து, இலங்கையின் மென்பொருள் பொறியியலாளர்கள் தன்னார்வமாக ஒன்றிணைந்து ‘சஹானா’ என்னும் அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை உருவாக்கினர். காணாமற்போனோர் பதிவேடு, முகாம் பதிவேடு, நிவாரண அமைப்புகளின் பதிவேடு என அது தனித்தனி மொடியூல்களாக, அதாவது கூறுகளாக, அமைக்கப்பட்டிருந்தது. 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்தின்போதும் அது பயன்பட்டமை நாம் பெருமைப்படத்தக்க விடயமாகும்.

ஆயினும், கூறுகளாகப் பிரித்துவிட்டால் மாத்திரம் அவை ஒன்றிலொன்று தங்கியிராது எனக் கூற முடியுமா? இன்றைய நிரல் மொழிகள் பலவற்றில் இதற்கென ஒரு முறைமை உண்டு. ஜாவா மொழி 2017இல் வெளியான 9ஆவது பதிப்பில் அதனைப் பெற்றது. எந்தக் கூறு எதனைப் பயன்படுத்தலாம் என்பதை அது கண்காணிக்கின்றது. ஆனால், கூறுகள் அனைத்திலும் ஊடுருவியிருக்கும் பொதுவான அனுமானங்களை அது அறிவதில்லை.

நமது பெயர்களையே உதாரணமாகக் கொள்வோம். ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்பப் பெயர் உண்டு, அது ஒரேவிதமாகவே எழுதப்படும் என்ற எண்ணத்துடன் ஒரு மென்பொருள் எழுதப்படுவதாக வைத்துக்கொள்வோம். தமிழரிடையே தந்தையின் பெயரே முதலெழுத்தாகின்றது. முஸ்லிம்களிடையே முஹம்மத், மொஹமட் என ஒரே பெயர் பலவாறு எழுதப்படுகின்றது. மண்சரிவில் பிரிந்த மகன் பேராதனை முகாமொன்றில் ஒருவிதமாகவும், கம்பளையில் அவனைத் தேடும் தாயின் முறைப்பாட்டில் வேறுவிதமாகவும் பதியப்பட்டால், இரு பதிவேடுகளும் பிழையின்றி இயங்கும். தாயும் மகனும் மாத்திரம் சந்திக்கமாட்டார்கள். இதனைத் திருத்துவதாயின் எல்லாக் கூறுகளிலும் கை வைக்க வேண்டும்.

கணினி அறிஞர் டேவிட் பார்னஸ் 1972இலேயே இதற்கு வழி கூறினார். வேலையின் படிமுறைகளைப் பின்பற்றிப் பிரிக்காமல், பின்னர் மாறக்கூடிய ஒவ்வொரு தீர்மானத்தையும் ஒரு கூறினுள் மறைத்து வைக்க வேண்டும் என்பதே அவரது கருத்து. அவ்வாறாயின், பெயர்களை ஒப்பிடும் விதி ஒரேயொரு கூறில் இருக்கும். “இவ்விருவரும் ஒருவர்தானா?” என ஏனையவை அதனிடமே வினவும். விதி மாறினால் அந்த ஒன்றைத் திருத்தினாற் போதும்.

வேலியைக் காக்கும் பணியை நிரல் மொழி செய்யும். வேலியை எங்கே இடுவது என்பதை மனிதரே தீர்மானிக்க வேண்டும். 2025 நவம்பரில் டித்வா புயலின் மண்சரிவுகளைக் கண்ட கண்டி மாவட்டத்தில், இது வெறும் ஏட்டுக் கல்வி அல்ல. பேராதனையில் கணினி பயிலும் நம் இளைஞர்கள் மொழியின் இலக்கணத்தோடு, தம் மக்களின் வாழ்வையும் கற்றுத் தெளிதல் அவசியமாகும்.