பனியில் சறுக்கப் போகிறாள் பெண்!

"அக்கா, எம் பொண்ணுக்கு நீங்களாவது புத்தி சொல்லுங்க. ஆஸ்திரேலியாவுக்குப் போறாளாம். படிக்கவும் இல்ல, கல்யாணம் கட்டிக்கினு போகவும் இல்ல. நாலு மாசம் பனியில இருந்துக்கினு, பலகை மேல நின்னு சறுக்கப் போறாளாம்! கை கால் ஒடைஞ்சா யாருக்கா பாக்கறது?"

புளியந்தோப்பில் எங்கள் தெருக் குழாயடியில் ஒரு நாள் காலை, எதிர்வீட்டு அம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்ட கேள்வி இது. பெண் பி.காம். முடித்தவள். வயது 23. ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். மார்கழி மாசத்தில் விடிகாலையில் கோலம் போட வரும்போதே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வருகிற குடும்பம் அது!

அம்மாளின் பயம் நியாயம்தான். ஆனால் விசாரிக்க விசாரிக்க ஒன்று புரிந்தது. அவர் பயந்த விஷயங்கள் வேறு. கவலைப்பட வேண்டிய விஷயங்கள் வேறு. கவலைப்பட வேண்டியவற்றில் பாதிக்கு மேல், இங்கே நம் வீட்டிலிருந்தே சரிசெய்யக் கூடியவை. உங்கள் வீட்டிலும் தங்கையோ, நாத்தனாரோ, பிள்ளையோ இப்படிக் கிளம்பலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பலகை பிறந்த கதை

இந்தப் பனிப் பலகைக்கு 'ஸ்னோ போர்டு' என்று பெயர். இரண்டு கால்களையும் ஒரே பலகையில் வாரால் பூட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நின்றபடி மலைச்சரிவில் இறங்க வேண்டும். கையில் கோல் கிடையாது. காசிமேட்டில் கட்டுமரத்தின் மேல் நின்று வரும் மீனவரையோ, கோவளத்தில் அலைமேல் பலகை விடும் பையன்களையோ பார்த்திருப்பீர்கள் அல்லவா? கிட்டத்தட்ட அதே உடம்புச் சமன்தான்.

இது பிறந்த கதை நமக்குப் பிடிக்கும். 1965-ஆம் வருடம், கிறிஸ்துமஸ் தினம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் மஸ்கீகன் என்ற ஊர். ஷெர்மன் பாப்பென் என்ற எஞ்சினீயரின் மனைவி அப்போது கர்ப்பிணி. வீட்டுக்குள் குழந்தைகள் ஒரே ரகளை. "இதுகளைக் கொஞ்சம் வெளியே அழைத்துப் போங்களேன்" என்றார் மனைவி. பனியில் சறுக்கும் இரண்டு ஸ்கீ கட்டைகளை ஒன்றாகச் சேர்த்துப் பூட்டி, பெண் குழந்தைகளை அதன்மேல் நிற்கவைத்துச் சரிவில் விட்டார் மனுஷர். அதற்கு 'ஸ்னர்ஃபர்' என்று பெயர் வைத்ததும் அவர் மனைவிதான். அந்த விளையாட்டுச் சாமான் வளர்ந்து, 1998-ல் ஜப்பானின் நகானோ ஒலிம்பிக்கில் போட்டியாகவே இடம் பெற்றது. ஒரு களைத்துப்போன தாய்க்கு அரைமணி ஓய்வு கிடைக்க வேண்டும் என்பதில் ஆரம்பித்தது இத்தனையும்!

பனியைக் கண்ணால் காணாத ஊர்ப் பெண்ணுக்கு இது வருமா? பனி விழாத குடகு நாட்டில் பிறந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா என்ற பெண், 2025-ல் தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் நடந்த நெடுந்தூர ஸ்கீ போட்டியில் வெண்கலம் வென்றார். வராமல் என்ன?

குலுக்கலில் விழுந்த பெயர்

2024-ல் ஆஸ்திரேலிய அரசு நம் நாட்டு இளைஞர்களுக்கு ஒரு வாசலைத் திறந்தது. 'ஒர்க் அண்ட் ஹாலிடே' விசா. 18 முதல் 30 வயதுக்குள் உள்ளவர்கள் ஒரு வருடம் அங்கே தங்கி, ஊரைப் பார்த்துக்கொண்டே வேலையும் செய்யலாம். பள்ளிக்குப் பிறகு இரண்டு வருடமாவது மேற்படிப்பு வேண்டும். ஆங்கிலம் ஓரளவு தெரிய வேண்டும். கையில் சுமார் 5,000 ஆஸ்திரேலிய டாலர் இருப்புக் காட்ட வேண்டும். குழந்தைகளைக் கூட அழைத்துப் போக முடியாது.

இந்தியாவுக்கு வருடத்துக்கு 1,000 இடங்கள். ஆளை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? நம் சீட்டுக் கம்பெனி மாதிரி குலுக்கல்தான்! அரசின் கணினிப் பக்கத்தில் நாமே பதிவு செய்யலாம். குலுக்கலில் சேரக் கட்டணம் 25 டாலர். பெயர் விழுந்த பிறகுதான் விசாவுக்கு மனுவும், அதற்கான தனிக் கட்டணமும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. "குலுக்கலில் உங்கள் பெயரை எடுத்துக் கொடுக்கிறேன், லட்சம் கொடுங்கள்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். கம்ப்யூட்டர் குலுக்கலில் பெயரை எடுத்துக் கொடுக்க எந்த ஏஜெண்டாலும் முடியாது. வளையலை அடகு வைத்து ஏமாந்த கதைகள் நம் வடசென்னையில் ஒன்றிரண்டா?

எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் குலுக்கலில் பெயர் விழுந்துவிட்டது. அவள் போக நினைப்பது நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் ஸ்னோயி மலைக்கு. பெரிஷர், திரெட்போ என்ற பனிச்சறுக்கு ஊர்களும், அடிவாரத்தில் ஜிண்டபைன் என்ற சிற்றூரும் அங்கே இருக்கின்றன. பூமியின் தென்பாதி அல்லவா, அங்கே பருவம் தலைகீழ். நமக்கு வைகாசி முடிகிறபோது சீசன் ஆரம்பம், புரட்டாசியில் முடிவு. இங்கே ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது அங்கே பனி கொட்டிக் கிடக்கும்! ஓட்டல் சமையலறை, அறை சுத்தம் செய்வது, சரிவின் மேலே ஆளை ஏற்றும் நாற்காலி லிப்டைக் கவனிப்பது என்று அந்த நாலு மாசத்துக்கு ஆள் தேவைப்படும். வேலை முடிந்த நேரத்தில் சறுக்கலாம்.

முதல் வேலை: ரத்தப் பரிசோதனை

பெட்டி வாங்கும் முன் செய்ய வேண்டியது இது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, நம் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்த உடம்பு தன் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ளத் திணறும். மற்றவர்கள் சிரித்துக்கொண்டு நிற்கிற குளிரில் இவள் வெடவெடவென்று நடுங்குவாள். சீக்கிரம் களைத்துப் போவாள். களைத்த நேரத்தில்தான் விழுவதும், அடிபடுவதும்.

ஹீமோகுளோபின் 12-க்குக் குறைந்தால் டாக்டரைப் பார்த்து, கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே சிகிச்சை தொடங்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு விழுங்காதீர்கள். சத்து உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் நல்லது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, ஈரல் எல்லாம் நம் கைக்கெட்டியவைதானே? வைட்டமின் டி, சைவமாக இருந்தால் பி-12 இரண்டையும் கூடவே பார்த்துவிடலாம்.

பருத்தி பனியன் வேண்டாம்

எந்தத் தாயும் முதலில் எடுத்து வைப்பது நல்ல பருத்தி பனியனைத்தான். சென்னை வெயிலுக்கு அதுதான் அமிர்தம். பனியில் அதுவே விரோதி! சறுக்கும்போது உடம்பு வியர்க்கும். பருத்தி அந்த ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு காயாமல் கிடக்கும். ஓய்வாக நின்றதும் ஈரத்துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

மூன்று அடுக்காக உடுத்த வேண்டும். உடம்போடு ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பாலியஸ்டர் உள்ளாடை. அதன்மேல் சூட்டைப் பிடித்து வைக்கும் கம்பளி. வெளியே காற்றும் தண்ணீரும் புகாத கோட்டு, பேண்ட். பனிக்கு ஏற்ற கோட்டையும் பேண்டையும் அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். பலகையும் பூட்ஸும் அப்படித்தான். இங்கிருந்து சுமக்க வேண்டாம்.

காலுக்கு ஒரே ஒரு நல்ல கம்பளி சாக்ஸ் போதும். இரண்டைத் திணித்தால் ரத்த ஓட்டம் நின்று பாதம் இன்னும் சில்லிடும். கைக்கு, ஐந்து விரலும் தனித்தனியாக உள்ள உறையைவிட, நாலு விரலும் ஒன்றாக இருக்கும் உறை அதிகச் சூடு தரும். துப்பட்டா, தொங்கும் மப்ளர், நீண்ட சங்கிலி, அவிழ்ந்த பின்னல் எதுவும் ஆகாது, லிப்டில் மாட்டிக்கொள்ளும். பின்னலைக் கோட்டுக்குள் விட்டுக்கொள்ள வேண்டும்.

குளிர் தேசத்தில் வெயில் என்ன செய்யும் என்று நினைக்காதீர்கள். புதுப் பனி, புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு நாள் முழுக்க நின்றால், ராத்திரி கண்ணில் மணலைக் கொட்டியது போல எரியும். முகத்துக்கு வெயில் தடுப்புக் களிம்பும், உதட்டுக்கு வாசலினும் அவசியம். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடிக்க வேண்டும்.

விரல் மரத்துப்போனால்...

காசிமேட்டில் ஐஸில் மீன் அள்ளும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். முதலில் வலிக்கும், பிறகு குத்தும், அப்புறம் மரத்துப் போகும் என்பார்கள். பனியிலும் அந்த மூன்றாவது கட்டம்தான் எச்சரிக்கை மணி. வலி நின்றுவிட்டதே என்று சந்தோஷப்படக் கூடாது! புத்தகங்களில் 'தோல் வெளுத்துவிடும்' என்று போட்டிருக்கும். நம் மாநிறத்தில் அது சட்டென்று தெரியாது. ஆகவே நிறத்தைப் பார்க்காமல் உணர்ச்சியைப் பாருங்கள்.

உடனே உள்ளே போய், ஈரத்துணியை மாற்ற வேண்டும். விரலை அக்குளில் வைத்துக்கொள்ளலாம், அல்லது குழந்தையைக் குளிப்பாட்டும் பதத்தில், 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் வைக்கலாம். தேய்க்கவே கூடாது. நெருப்பில் காட்டக் கூடாது. மரத்த விரலுக்குச் சுடுவது தெரியாது. உணர்ச்சி திரும்பாவிட்டால் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். "ஒரு வாய் பிராந்தி குடித்தால் சூடு ஏறும்" என்பது தவறு. தோலில் சூடு தெரியும், உள்ளே உடம்பு மேலும் குளிர்ந்துவிடும்.

அறைக்குள் கரி அடுப்பு, கேஸ் அடுப்பு வைத்துக் குளிர்காயவே கூடாது. கொடைக்கானல், ஊட்டிப் பக்கங்களிலேயே அப்படிக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் விஷவாயுவால் எழுந்திருக்காமல் போயிருக்கிறார்கள்.

விழக் கற்பதுதான் முதல் பாடம்

"விழுந்துட்டா?" என்றார் எதிர்வீட்டு அம்மாள். விழத்தான் செய்வாள்! முதல் இரண்டு மூன்று நாள் சறுக்குவதைவிட விழுவதே அதிகம். ஸ்கீ விடுகிறவர்களுக்கு முழங்காலில் அடி என்றால், பலகை விடுகிறவர்களுக்கு, அதிலும் புதியவர்களுக்கு, மணிக்கட்டில்தான் முறிவு அதிகம். காரணம், விழும்போது கையை விரித்து ஊன்றுவது நம் இயல்பு. உடம்பின் பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்கிவிடும்.

ஆகையால், முன்பக்கம் விழுந்தால் விரலை மடக்கி முஷ்டியாக்கி, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையுள்ள பகுதியால் தாங்க வேண்டும். பின்பக்கம் விழுந்தால் தாடையை மார்போடு ஒட்டி, பிருஷ்டத்தில் உட்கார்ந்து உருண்டுவிட வேண்டும். மணிக்கட்டுக் காப்பும் ஹெல்மெட்டும் இல்லாமல் பலகையில் ஏறவே கூடாது. தோழி சொல்லித் தருவாள் என்று விடாமல், முதல் நாளே பயிற்சியாளரிடம் பாடம் எடுக்க வேண்டும். சரிவுகளுக்கு அடையாளம் உண்டு: பச்சை வட்டம் சுலபம், நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். பச்சையிலேயே பல நாள் இருப்பதில் வெட்கமில்லை. கட்டிய கயிற்றைத் தாண்டித் தனியே போவதுதான் ஆபத்து. தலையில் அடிபட்டால், வலி இல்லையென்றாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. டாக்டரிடம் காட்ட வேண்டும்.

"யாரு பாக்கறது?"

இதற்கும் பதில் இங்கேயே ஏற்பாடு செய்ய வேண்டும். அந்நாட்டு அரசின் மருத்துவ உதவி, இந்தியாவிலிருந்து இப்படிப் போகிறவர்களுக்குக் கிடையாது. ஆம்புலன்ஸுக்கும் பணம்தான். இன்சூரன்ஸ் அவசியம். அதிலும் ஒரு கண்ணி உண்டு. சாதாரணப் பயண இன்சூரன்ஸ் பலவற்றில் 'பனி விளையாட்டுக்குப் பொருந்தாது' என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். அந்த வரியைத் தேடிப் படித்து, பனிச்சறுக்குக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் சேர்த்து எடுக்க வேண்டும்.

சம்பளத்திலும் ஏமாறக் கூடாது. 2025 ஜூலை முதல் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர் என்று நிர்ணயித்தார்கள். வருடா வருடம் திருத்துவார்கள். விசாவில் வந்தவர்களுக்கும் இது பொருந்தும். குறைத்துக் கொடுத்தால் 'ஃபேர் ஒர்க்' அலுவலகத்தில் புகார் செய்யலாம்.

சாப்பாட்டு மூட்டை கட்டும்போது கவனம். பச்சைக் கறிவேப்பிலை, பழம், முளைக்கும் விதை, பால் இனிப்பு இவற்றை விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். பருப்புப் பொடி, ஊறுகாய் எதுவானாலும் படிவத்தில் எழுதிக் காட்டிவிட வேண்டும், மறைத்தால் அபராதம். மலையுச்சியில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும், அரிசி வேக நேரம் பிடிக்கும். சின்ன பிரஷர் குக்கர் கைகொடுக்கும். ஒன்று மட்டும்: அறையில் கடுகு, மிளகாய் தாளிக்கும் முன் ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புகை மணி அலறி, கட்டிடமே வெளியே வந்து நிற்கும்!

இத்தனையும் சொன்னேன். அம்மாள் ஒன்றும் பேசாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். மறுவாரம் பெண்ணைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனதாகக் கேள்விப்பட்டேன். ஹீமோகுளோபின் 9. "பனிக்குப் போறேன்னு சொன்னதால தெரிஞ்சுது. இல்லாட்டி கல்யாணமாகி, புள்ளத்தாச்சி ஆன பிறகு இல்ல தெரிஞ்சிருக்கும்!" என்றார்.

நேற்றுச் சாயங்காலம் வடாம் எடுக்க மாடிக்குப் போனேன். எதிர்வீட்டு மொட்டை மாடியில் பழைய மெத்தை விரித்திருந்தது. பெண் தொப்பென்று அதில் விழுகிறாள், எழுந்திருக்கிறாள், மறுபடி விழுகிறாள். பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்த அம்மாள் அதட்டுகிறார்:

"வெரல மடக்குடி! எத்தினி வாட்டி சொல்றது? மடக்கிக்கினு விழு!"